லாங்கி போராவின் இருபதாவது ஆள்

மோனாய் இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் ராஜாவின் ஏரி வெட்டும் இடத்துக்கு அன்றும் அவன்தான் முதலில் வந்து நின்றான்.

அவனை இறக்க வைத்தது லாங்கி. கெட்ட எண்ணத்தில் இல்லை, கண்ணுகளா. பயத்தில்.

அஹோம் ராஜ்யத்தில் இருபது ஆளுக்கு ஒரு போரா உண்டு. லாங்கி அப்படி ஒரு போரா. அவனுக்கு மேலே சைக்கியா, நூறு பேருக்கு அதிகாரி. ஏரி வேலைக்கு ஆள் எண்ணிய நாளில் லாங்கியிடம் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

"இன்னொருத்தன் எங்கேப்பா?" என்றார் சைக்கியா.

வரவில்லை என்றால் பிரம்படி போராவுக்கு. செத்துப்போனான் என்றால் யாருக்கும் அடியில்லை.

"செத்துட்டானுங்க" என்றான் லாங்கி.

அந்த நேரம் பார்த்து மோனாய் ஆற்றிலிருந்து கரையேறி வந்தான். தோளில் ஓர் எருமைக் கன்று. லாங்கியின் கன்றுதான். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நீந்திப் பிடித்திருந்தான்.

"அண்ணே, கன்னு பொழைச்சிருச்சு" என்றான்.

சைக்கியா அவனைப் பார்த்தார். அகில் மரப்பட்டை ஏட்டைப் பார்த்தார்.

"ஏட்டுல ஏறிடுச்சேப்பா."

"பரவாயில்லைங்க" என்றான் மோனாய்.

இறந்தவனுக்கு வேலை இல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் மோனாய் மண் வெட்டினான். வயல்தான் சிக்கல். நாலு பேரில் ஒருவன் ராஜாவின் வேலைக்குப் போனால் மற்ற மூவர் அவன் நிலத்தை உழுவது அங்கே வழக்கம். இறந்தவனுக்கு நிலம் ஏது? மூவரும் ஏர் பூட்டி வரப்பு வரை வந்தார்கள். கும்பிட்டார்கள். திரும்பிப் போனார்கள். நாற்று பழுக்கத் தொடங்கியது. இன்னும் ஐந்து நாள் போனால் நட்டும் பயனில்லை.

மோனாயின் மனைவி லாங்கியின் வீட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போவாள். திட்டியிருக்கலாம். "கன்னு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாள்.

அதைத்தான் லாங்கியால் தாங்க முடியவில்லை.

ஏட்டில் இறந்தவனைத் திருப்பி எழுத மூன்று கோஹாய்ன்களால்தான் முடியும். ராஜாவுக்கு அடுத்தபடி அவர்கள்தான். மோனாயைக் கூட்டிக்கொண்டு லாங்கி தலைநகருக்குப் போனான். போராவின் வழக்கென்றால் ஆட்களும் வர வேண்டும். பத்தொன்பது பேரும் வந்தார்கள். அன்றைக்கு ஏரி தன்னைத் தானே கொஞ்சம் வெட்டிக்கொண்டது.

மண்டபத்துத் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. லாங்கி மனதுக்குள் ஒரு சாக்குத் தயார் செய்வான். பத்துத் தூண் கூடும். வெள்ளம் என்று சொல்லலாமா? பத்துத் தூண். சைக்கியா முறைத்தார் என்று சொல்லலாமா? இருபது.

"அண்ணே, ஒண்ணும் யோசிக்காம வாங்க" என்றான் மோனாய். "பின்னாடி எல்லாருக்கும் கால் வலிக்குது."

கோஹாய்ன்கள் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கேட்டார்.

"எதனால செத்தான்?"

உண்மையைச் சொல்லத்தான் லாங்கி வாயைத் திறந்தான். "காய்ச்சலுங்க" என்று வந்தது.

உடனே மோனாய் நடுங்க ஆரம்பித்தான். போராவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்றுதான். பல்லெல்லாம் கிடுகிடுத்தது.

"கடுமையான காய்ச்சல்தான்" என்றார் நடுக் கோஹாய்ன், திருப்தியாக.

லாங்கிக்கு உடம்பே கூசிப்போயிற்று. "நடுங்காதேடா!" என்று கத்தினான். "ஐயா, பொய் சொன்னேன். அடிக்குப் பயந்து சொன்னேன். அப்போ அவன் என் கன்னைத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்தான்."

மூத்தவர் முகம் சுளித்தார். "இதை எங்ககிட்ட ஏன் சொல்றே? நீ போராவா இருக்கணுமா வேண்டாமான்னு சொல்ல வேண்டியவங்க உன் ஆளுங்க."

அங்கே சட்டமே அப்படி. பத்தொன்பது பேரும் குசுகுசுத்தார்கள். போக்தோ என்ற தாடிக்காரன் முன்னால் வந்தான்.

"மோனாய் போராவா இருக்கட்டுமுங்க."

"அவன் செத்தவனாச்சே."

"இருக்கட்டுமுங்க. உசிரோட இருக்கிற போராவைத்தான் பார்த்தாச்சே."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் விதிகளைப் புரட்டினார். போராவுக்குக் கை வேண்டும், கால் வேண்டும், குரல் வேண்டும். உயிரைப் பற்றி ஒன்றும் இல்லை. போராவின் நிலம் தரிசாகக் கிடக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. மூன்று பேர் மோனாயின் வயலில் ஏரோட்ட அங்கிருந்தே ஓடினார்கள்.

ஏட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்த சைக்கியா தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். "புதுப் போரா, ஆள் சொல்லு."

மோனாய் பத்தொன்பது பேரையும் பேர் பேராகச் சொன்னான். இருபதாவது இடத்தில் லாங்கி நின்றான்.

"இவனை என்னன்னு எழுத?"

லாங்கி தரையைப் பார்த்தான். செத்துட்டான் என்று மோனாய் சொல்லிவிட்டால் போதும். எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

"இருக்காருங்க" என்றான் மோனாய். "அண்ணனுக்கு இன்னிக்கு உடம்பு முடியலை. அவர் பங்கு மண்ணை நானே வெட்டிடறேன்."

சைக்கியா அப்படியே எழுதிக்கொண்டார்.

லாங்கியின் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அது பத்தொன்பது பேருக்கும் தெரியும்.