நடக்காததற்கு ஓர் ஆமென்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கிடைத்தது. தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் அம்மா, பில் போடும் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது: "எங்க வீட்டுக்காரர் நடக்காத ஒண்ணுக்குத் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்றாரு. நானும் வெக்கமில்லாம ஆமென் சொல்றேன்."

கேட்டது இவ்வளவுதான். மிச்சம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: 'அவள் கண்களில் ஆழ்ந்த சோகம்...' (அடித்துவிட்டேன். அவள் கண்களில் இருந்தது, தூள் படாமலிருக்கப் போடும் கண்ணாடி.)

அடுத்தது: 'தேவ அன்புதான் எத்தனை...' (இதுவும் வேண்டாம். பிரசங்கத்துக்கு வேறு ஆள் இருக்கிறது.)

மூன்றாவது நிற்கட்டும்: லென்ஸ்காரியின் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேற்றையது செல்லாது. மற்றவர்கள் ஆமென் சொன்ன பிறகே தட்டில் கை. மகள் சிறுமியாக இருந்தபோது, "இன்னைக்குக் கணக்கு டீச்சர் வரல, நன்றி ஆண்டவரே" என்றாள். அதற்கும் ஆமென் விழுந்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் வேலையில் கால் தவறி விழுந்து மண்டையில் அடி. அதன்பின் புதிதாக எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் மனதில் ஒட்டுவதில்லை. கடைசியாக ஒட்டியது, விழுந்த அன்று காலையில் வெளியூரிலிருந்து மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. அதனால் தினமும், "இன்னைக்கு என் மக வந்தா. நன்றி ஆண்டவரே."

மகள் அதன்பிறகு இந்த வீட்டை மிதிக்கவில்லை. அன்று மதியம், "எப்பப்பா சாப்பிட வருவீங்க?" என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். போனை எடுக்கப் போய்த்தான் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தாய் ஒரே வரி சொன்னாள்: "அந்த நேரத்துல உன்னை யாரு போன் பண்ணச் சொன்னா?"

3

எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம். நடிக்கிறாரோ? அப்படியே அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். நடிப்பவனுக்கு ஒருநாளாவது சலித்துப்போகும். இவர் தினமும் அதே ஆச்சரியத்தோடு மனைவியைக் கேட்கிறார்:

"புதுக் கண்ணாடியா?"

"ஆமா. நேத்து மாதிரியே இன்னைக்கும் புதுசு."

"உனக்கு எடுப்பா இருக்கு."

(இதை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் வெட்கப்படுகிறாள்.)

4

மகளை நான்தான் வரவழைத்தேன். ஞாயிறு மதியம். தேய்த்து முடிக்காத லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோல் அறை மங்கி, வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. மூன்று தட்டுகள்.

"அப்பா, என் போனாலதான் நீங்க..."

"எந்த போன்?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட லூசு! கால் வழுக்குனதுக்கு நீ என்னடி பண்ணுவ? போகட்டும், விடு."

மகள் தாயிடம் குனிந்தாள். "இதையும் மறந்துடுவாரேம்மா."

"மறப்பாரு. நான் எதுக்கு இருக்கேன்? ஞாபகப்படுத்துறேன்."

அவர் கண்களை மூடினார். "இன்னைக்கு என் மக வந்தா. நன்றி ஆண்டவரே."

மூன்று வருடமாகச் சரளமாக ஆமென் சொன்ன லென்ஸ்காரி, இன்று முதலில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். நடக்காததற்குச் சொன்னதையெல்லாம் மேலே ஒருவர் பொய் என்று தள்ளாமல் எடுத்து வைத்திருந்து, இன்று மகளாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிறகு ஆமென் சொன்னாள்.

அடுத்தது அவள் முறை.

"ஆண்டவரே, அன்னைக்கு வராந்தாவுல இவகிட்ட நான் சொன்ன வார்த்தைய மறக்கவே விடல நீங்க. முள்ளா குத்துச்சு. மறந்திருந்தா, இவ கால்ல விழணும்னுகூட எனக்குத் தோணியிருக்காது. இந்த ஞாபகத்துக்கு நன்றி."

"நேத்தையது செல்லாதும்மா," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மன்னிப்பு இன்னைக்குத்தானேடி கேக்குறேன்."

5

வேறு முடிவுகளும் இருக்கின்றன. மகள் வரவே இல்லை என்று முடித்தால், பத்திரிகைக்காரர்கள் ஆழம் என்பார்கள். தகப்பனுக்குத் திடீரென்று எல்லாம் நினைவு வந்துவிட்டது என்றால் நானே நம்பமாட்டேன்.

உண்மையில் அந்த வீட்டுக்கு மகள் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. நானும் நடக்காத ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதோ, தாயின் நன்றிக்குத் தகப்பன் ஆமென் சொல்லிவிட்டார். மகளின் ஆமென் இன்னும் பாக்கி. அவருடைய அரை மணி நேரம் முடியப்போகிறது.

நான்காவதாக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். சட்டம் உங்களுக்கும்தான். சாப்பாடு ஆறுகிறது.