விளக்கு மீனுக்கு ஒரு திமிங்கலம்

முதல் பாக்கெட் சில்லறைக்குப் பதிலாகத்தான் வந்தது. தஞ்சாவூரில் கைக்கட்டைப் பிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்ற சூர்யபிரகாஷ் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினான். மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை. மிட்டாயும் தீர்ந்திருந்தது. பிள்ளைகள் வாங்கும் கார்டு பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பல்லால் கிழித்தான். உள்ளே மூன்று கார்டுகள். கடலடி உயிர்களின் வரிசை. மூன்றாவது மட்டும் பளபளத்தது. கரிய தண்ணீரில், நெற்றியிலிருந்து நீண்ட தண்டின் நுனியில் விளக்கெரியும் மீன். பூதலூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆழம் என்றால் வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர்தான். வெயிலே எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போகிறவன் வெளிச்சத்தைத் தானே சுமந்து போக வேண்டும் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. ஊர் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் அறுவடை மெஷின் ஓட்டியவன். தை மாதச் சம்பா அறுப்பில், சிக்கிய வைக்கோலை இழுக்க மெஷினை நிறுத்தாமல் உள்ளே விட்ட வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு ஊர் அவனுக்கு இலவசமாகிவிட்டது. டீக்கடையில் காசு வாங்குவதில்லை. சலூனில் வாங்குவதில்லை. களத்துமேட்டில் சீட்டாடும் கூட்டம் அவனைத் தோற்கவே விடுவதில்லை. முன்பெல்லாம் அவனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட செல்லதுரை, இப்போது அவன் என்ன சொன்னாலும் "ஆமாமா, நீ சொல்றதுதான் சரி" என்கிறான்.

விளக்கு மீனைப் பற்றித் தேடப் போய்த்தான் அந்த வாட்ஸாப் குழு கிடைத்தது. கார்டு சேர்ப்பவர்கள், இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குபவர்கள். அவர்களிடம்தான் எல்லாம் கற்றான். கார்டின் முகத்தில் விரல் படக்கூடாது. முனை மழுங்கினால் மதிப்பு போச்சு. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டும். மருந்து டப்பாக்களில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எடுத்து, கார்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போட்டான். படம் எடுத்துப் போடும்போது இடது கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தெரியும். குழுவில் யாருக்கும் அவன் கையைப் பற்றித் தெரியாது.

அங்கேதான் ஜெக்கரியா இருந்தார். தரங்கம்பாடிக்காரர், ஐஸ் பேக்டரியில் வேலை. குரல் செய்திதான் அனுப்புவார்.

"யோவ் பூதலூரு! முனை நைஞ்ச கார்ட அனுப்பிட்டு புதுசுங்கிற? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? திருட்டுப் பயலே, ஒழுங்கா இன்னொன்னு அனுப்பு."

சூர்யபிரகாஷ் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"யாருங்க அது, இப்படி மரியாத இல்லாமப் பேசுறாரு?" என்றாள் அவன் மனைவி குந்தவை.

"பிரெண்டு."

"நல்ல பிரெண்டு புடிச்சீங்க."

ஆனால் அவன் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

ஜெக்கரியாவுக்கு விளக்கு மீன் வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த திமிங்கலம் இவனுக்கு வேண்டும். நாட்கணக்கில் பேரம் நடந்தது.

"ஒண்ணுக்கு ஒண்ணு. மேல எதுவும் தர மாட்டேன்."

"நான் எப்ப மேல கேட்டேன்?"

"கேட்டாலும் தர மாட்டேன்யா!"

கூரியரில் ஏற்கெனவே ஒரு கார்டு மடங்கியிருந்ததால், சனிக்கிழமை தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் நேரிலேயே மாற்றிக்கொள்வது என்று முடிவானது. கையைத் துண்டால் மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தான். வேண்டாம் என்று தோன்றியது. ஜெக்கரியா முதலில் கார்டின் முனையைத்தான் பார்ப்பார். பிறகு அவனைத் திட்டுவார். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, புதிதாக வந்திருந்த அவனுடைய ஊனச் சான்றிதழை எடுத்துக்கொண்டு குந்தவை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ரேஷன் கார்டு, அவளுடைய மார்க் ஷீட், மாமனார் படம் என்று அந்த வீட்டில் மதிப்புள்ளதெல்லாம் அந்தக் கடையில் லேமினேட் ஆகி வந்ததுதான்.

திரும்பி வந்தவள், "ஏங்க, கையக் காட்டுங்க" என்று அவன் இடது கையில் ஒன்றை வைத்தாள்.

விளக்கு மீன். கண்ணாடிபோன்ற தடித்த தாளுக்குள் வெந்து, பளபளப்பு மங்கி, வயிற்றில் ஒரு காற்றுக் குமிழோடு இருந்தது.

"இததான எந்நேரமும் எடுத்துப் பாக்குறீங்க. அந்த ஒற வாயத் தொறந்துகிட்டே கெடக்கு. இனிமே மழயில நனஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

அவன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"ஏன், கோணலா ஒட்டிட்டானா? அந்தக் கடைக்காரத் தமிழரசன்கிட்ட அப்பவே சொன்னேன், பாத்து ஒட்டுடான்னு."

"நேராத்தான் இருக்கு." பிறகு சொன்னான்: "இத இனிமே யாரும் வாங்க மாட்டாங்க குந்தவை. நாளைக்கு மாத்தணும்."

அவள் பிளேடு எடுத்து வந்தாள். அவன் பிடிக்க, அவள் ஓரத்தை மெல்லக் கிளப்பினாள். தாளோடு சேர்ந்து மீனின் வாலும் உரிந்து வந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

வர வேண்டாம் என்று ஜெக்கரியாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நேரில் நின்று அந்தத் திட்டை வாங்க வேண்டும் போலிருந்தது. டின்னில் இருந்த நல்ல கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினான். சுறாவைத் தரலாம். மின்னல் திருக்கையையும் சேர்த்துத் தரலாம். ஜெக்கரியா கத்துவார், இவனும் கத்துவான், கடைசியில் ஏதோ ஒன்று படியும்.

"யோவ் பூதலூரு!"

நடைமேடையின் மறுமுனையிலிருந்து சத்தம் வந்தது. அந்தக் குரலுக்குச் சம்பந்தமில்லாத ஒல்லியான, குள்ளமான மனிதர் கையை நீட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவர் கண் கீழே இறங்கியது. நீட்டிய கை மெல்ல மேலே போய் நெஞ்சில் பதிந்தது.

"வாங்க தம்பி" என்றார். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

சூர்யபிரகாஷ் உட்காரவில்லை. "அண்ணே, கேட்டா என்னக் கொன்னுடுவீங்க. வீட்டுல தெரியாம லேமினேட் பண்ணிட்டாங்க" என்று நீட்டினான்.

ஜெக்கரியா கார்டைப் பார்த்தார். தாடை இறுகியது. அடுத்து வரப்போவதற்காக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் பார்வை மறுபடி அந்தக் கைக்குப் போய் வந்தது.

"பரவால்லங்க. அதுல என்ன இருக்கு."

"என்னண்ணே பரவால்ல? இத்தன நாளு பேசி வச்சுட்டு ஏமாத்திருக்கேன். இந்தாங்க, சுறா. முனையப் பாருங்க, புதுசு. திருக்கையும் எடுத்துக்குங்க."

"அதெல்லாம் வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

"ஒண்ணாவது எடுங்கண்ணே. இல்ல, திட்டவாவது செய்ங்க."

"சே, உங்களப் போயி..." திமிங்கலத்தை உறையோடு எடுத்து, அவனிடம் கொடுக்காமல், அவன் சட்டைப் பையில் தானே செருகினார். தட்டியும் கொடுத்தார். எப்படி ஆனது என்று கேட்டார். கேட்டு உச்சுக் கொட்டினார். டீ வாங்கி வந்து, அவன் வாங்கிக்கொண்ட பிறகும் கோப்பையின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தார். ரயில் வந்ததும், "ஜெபத்துல வச்சுக்குறேன் தம்பி" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து தபால் உறைகள் வரத் தொடங்கின. கரூர், கோவில்பட்டி, சென்னை. 'நம்ம பூதலூர் தம்பிக்கு' என்று ஜெக்கரியா குழுவில் எழுதியிருந்தார். அவனிடம் இல்லாதவை எல்லாம் வந்தன. இருந்தவையும் இரண்டாவது முறை வந்தன. எந்த உறையிலும் பதிலுக்கு இன்னது வேண்டும் என்ற வரி இல்லை. பிரித்து அடுக்கிய குந்தவை, "எவ்வளவு நல்ல மனுசங்கங்க" என்றாள்.

வரிசை முழுமையாகிவிட்டது. அன்று மாலை இடது கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினான்: 'என்கிட்ட எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. யாருக்கு எது வேணும்? மாத்திக்கலாம்.'

பதிலுக்குக் காத்திருந்தான். ஒருவரும் எதையும் கேட்கவில்லை. திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தன, மஞ்சள் நிறத்தில் கூப்பிய கைகள்.