கால்மனின் மூக்கு

யூத மதகுரு ரப்பி எஃப்ராயிம் ஸேலிக்கின் இரக்கம் நேமன் ஆற்றின் இரு கரையிலும் பிரசித்தம். ஏழை வீட்டுக் கோழியின் குடலில் ஊசி அகப்பட்டால், மதச் சட்டப்படி அது உண்ண ஆகாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான்கு நூல்களைப் புரட்டி, ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டு, "சமைச்சுக்கோம்மா" என்பார். கண்ணீருக்கென்றே கோட்டுப் பையில் தனிக் கைக்குட்டை உண்டு. அதனால் ட்ரைசல் நம்பிக்கையோடுதான் அவரிடம் போனாள்.

அவள் புருஷன் கால்மன் மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவன். ஆற்றின் பனி உடைந்த வாரம் தவறி விழுந்தான். பாஸ்கா பண்டிகை கழிந்து, ஆற்றின் கீழ்ப்போக்கில் மீனவர்களின் வலையில் ஒரு பிணம் அகப்பட்டது. சட்டை அவள் தைத்தது. தோளில் அவள் சிவப்பு நூலால் போட்ட ஒட்டும் இருந்தது. முகத்தை மட்டும் மீன் தின்றிருந்தது.

"மூக்கு இருந்துச்சா?" என்றார் ரப்பி.

"இல்ல ரப்பி."

"அடடா." கைக்குட்டை வெளியே வந்தது. சட்டப்படி, மூக்கோடு முகத்தைப் பார்த்து யாராவது அடையாளம் சொன்னால்தான் செத்தவன் செத்தவன். இல்லையென்றால் மனைவி கட்டுண்டவள். மறுமணமும் கிடையாது, அவனுக்காகத் துக்கம் காக்கவும் கூடாது. "சட்டை இரவல் போகும்மா. மூக்கு போகுமா?"

"குளிர்ல சட்டைய இரவல் குடுக்கிற அளவுக்கு எங்க வீட்டுக்காரரு நல்லவரு இல்ல ரப்பி."

ரப்பி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

அவர் இரக்கம் பொய்யில்லை. மூன்று வாரம் சாப்பாட்டை மறந்து நாற்பது பக்கத் தீர்ப்பு எழுதினார். தன் தையலைத் தைத்தவள் அறிவாள். அந்த வீட்டில் இரவல் பழக்கமும் இல்லை. ஆகவே அவள் விடுதலை. கடைசி வரியில் மட்டும், "இன்னும் இரு ரப்பிப் பெரியவர்கள் எனக்கு முந்திக் கையெழுத்திட்டால்" என்று சேர்த்தார். பிறன் மனைவியைத் தூக்கி இன்னொருவனுக்குக் கொடுத்த பாவம் ஒற்றைத் தோளில் ஏறலாமா? கோழி விஷயம் வேறு. அது செத்தது ஊருக்கே தெரியும்.

வடக்கே இருந்த பெரியவர், "என் மனமும் உருகுகிறது, மற்ற இருவரும் முதலில் கையெழுத்திடட்டும்" என்று எழுதினார். தெற்கே இருந்தவருக்கு இன்னும் அதிகமாக உருகியது. அவரும் அதையே எழுதினார்.

ரொட்டிக்காரன் பெரிஷ், மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்றவன், ட்ரைசலுக்காக நான்கு வருஷம் காத்திருந்தான். ஒருநாள் ரொட்டியைக் கையில் கொடுத்தபடியே சொன்னான்: "பிள்ளைங்க தலையில பேன் ஓடுது, ட்ரைசல். ரப்பிங்களுக்கு அவசரமில்ல. பேனுக்கு இருக்கு."

"போய்க் கட்டிக்கோ. நல்லா மூக்கும் முழியுமா பாத்துக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டான்.

ஏழாம் வருஷம், ஒரு கல்யாணப் பந்தியில் மூன்று பெரியவர்களும் ஒரே மேஜையில் உட்கார நேர்ந்தது. மீன் சாப்பிட்டு முடிந்ததும், யார் முதல் என்ற பேச்சே எழாதபடி, மூன்று பேனாக்கள் மூன்று பிரதிகளில் ஒரே மூச்சில் இறங்கின.

ரப்பி தாமே ட்ரைசலின் வீட்டுக்கு வந்து தீர்ப்பைப் படித்தார். அழுதார். "என் தீர்ப்பையெல்லாம் சேத்துப் போடப்போற புத்தகத்துல இதுதாம்மா முதல் அத்தியாயம். இரக்கத்துக்கு உதாரணம்."

"இப்பவாவது அவருக்காகத் துக்கம் உக்காரலாமா? ஏழு நாள்?"

"ஏழு நாள் எதுக்கும்மா, பாவம். சாவுச் சேதி முப்பது நாள் தாண்டி வந்தா ஒரு மணி நேரம் போதும். சட்டமே இரக்கப்பட்டுக் குடுத்த சலுகை அது."

துக்க வழக்கப்படி அவள் சட்டையின் கழுத்தோரத்தைக் கிழித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். ரப்பி தம் கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார்.

அழ வேண்டுமே என்று கால்மனை நினைத்துப் பார்த்தாள். சிவப்பு நூல் வந்தது. இருமல் சத்தம் வந்தது. முகம் வரவில்லை.

"ரப்பி, நீங்க அவரப் பாத்திருக்கீங்கல்ல? அவரு மூக்கு எப்படி இருக்கும்?"

ரப்பி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா," என்றார், கைக்குட்டையைத் தேடியபடி.