பூசணியின் வெள்ளை

பச்சைமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த நோயலின் கையை ஒட்டியே உட்கார்ந்தார். காலையிலேயே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் மருமகளின் நகப்பாலீஷால் பொட்டு வைத்திருந்தார். ரிப்பேர்காரன் நல்லதைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டுவான் என்பது அவர் கட்சி.

"இந்தாங்க அங்கிள், உங்க பொட்டோட பழைய கார்டு. நீங்களே வச்சிக்கிங்க."

"வச்சிக்கத்தான் போறேன். உள்ள ரவி படம் இருக்குது. அது போச்சுன்னா உன்ன சும்மா வுட மாட்டேன்."

கம்ப்யூட்டர் மகன் ரவியுடையது. அவன் போய் இரண்டு வருஷம். இப்போது அதில் அவன் மனைவி ஜெயலட்சுமி கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து சிவாஜிநகர் அச்சகத்துக்குக் கொடுக்கிறாள். திரைக்குப் படம் அனுப்பும் அந்தப் பழைய கார்டில் நிறங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு தெரிந்தன. இன்னொரு தரம் நிறம் தப்பினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் புதுசு.

திரையில் எப்போதும் இருப்பது ரவியின் கடைசி ஆயுத பூஜைப் படம். அச்சகத்துக் காமிராவில் எடுத்தது, பிரிண்ட் போடவேயில்லை. பச்சைமுத்துவுக்கு அதுதான் சாட்சி. "பூஜையன்னிக்கு கல்லு மாதிரி இருந்தான். நல்லா இருந்தவன மருமக ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி சாவடிச்சிட்டா." மர்ஃபி டவுனில் அதைக் கேட்காத வீடு இல்லை.

நோயல் புதுக் கார்டைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டான். படம் வீங்கி, முகம் கட்டம் கட்டமாக வந்தது.

"மூஞ்சியக் கெடுத்துட்டியேடா."

"இன்னும் டிரைவர் போடல அங்கிள். கார்டுக்கு வேல சொல்லித் தர்ற ப்ரோகிராம் அது."

சி.டி. சுழன்றது. திரை அணைந்தது. பச்சைமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ரவி வந்தான். சட்டையின் இஸ்திரி மடிப்பு தெரிந்தது. கையில் குங்குமம் அப்பிய பூசணிப் பாதி. சிரித்துக்கொண்டிருந்தான். கண்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"கலர ஏத்தி வச்சிட்ட. கொற."

"ஏத்தல அங்கிள். பூசணியப் பாருங்க, வெள்ளையாத்தான இருக்குது."

பூசணி வெள்ளையாகத்தான் இருந்தது.

அன்றைக்கே ஜெயலட்சுமி சொன்னாள், "அவரு கண்ணு மஞ்சளா இருக்குது மாமா" என்று. பூஜை மஞ்சள் பட்டிருக்கும், சும்னே எதையாவது பேசாதே என்றவர் அவர். தீபாவளி கழியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்றவரும் அவர்.

"பழசயே மாட்டிடு."

நோயல் சமையலறை வாசலைப் பார்த்தான். ஜெயலட்சுமி அங்கே ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"நாளைக்கு பத்திரிக குடுக்கணும் மாமா" என்றாள்.

நோயல் திருகுகளை முடுக்கிவிட்டுக் கிளம்பினான். பொட்டு வைத்த பழைய கார்டு பச்சைமுத்துவின் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் யாரும் மவுஸைத் தொடாததால் திரை தானாகவே இருண்டது. அவள் வந்து தொடுவாள் என்று காத்திருந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

இதுவரை அந்த மவுஸை அவர் தொட்டதில்லை. சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் விரலை நீட்டி, அதை மெல்ல நகர்த்தினார்.