நெருக்கிக் கட்டிய கேபிள்கள்

நான் கட்டிய கேபிள் வரிசையைப் பார்த்தால் படிய வாரிய தலை மாதிரி இருக்கும். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்றால் பொய். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவின் மேலே கேபிள்களைத் தாங்கி ஓடும் இரும்பு ட்ரேயும் என் கைவேலைதான். புது ஏசி பிளான்டுக்குப் போகும் தடித்த கேபிள்கள், தியேட்டரின் மெயின் கேபிள், கரண்ட் போனால் உதவிக்கு வரும் ஜெனரேட்டர் கேபிள் எல்லாம் ஒரே ட்ரேயில், விரல் நுழையாதபடி.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர் அப்போதே முணுமுணுத்தார். "டேய், தடிச்சது முழுசா ஓடினா தொண்ணூறு டிகிரி வரைக்கும் சூடாகும், தாங்கும். பக்கத்துல இருக்கிறது எழுபதத் தாண்டினாலே இளகிடும். இடம் விட்டுக் கட்டு."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம், மாமா" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இரண்டே மாதத்தில் அதே வராந்தாவில் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். உள்ளே அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மண்டையைப் பிளக்கும் வெயில். பிளான்ட் அன்றுதான் முதல்முறையாக முழு வேகத்தில் ஓடியது.

ஏதோ கருகும் வாடை. மாமா என்னைப் பார்த்தார், நான் மேலே பார்த்தேன்.

மூலையில் கிடந்த ஏணியைப் போட்டு ஏறி, கூரைப் பலகையைத் தள்ளினேன். மெயின் கேபிளைத் தொட்டதும் விரல் பொசுங்கியது, உறை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஜெனரேட்டர் கேபிளும் அப்படித்தான் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காகத்தானே இரண்டு? இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றிய மடையன் நான்.

"மாமா, பிளான்ட நிறுத்துங்க! தியேட்டர் லைன மட்டும் தொட்டுறாதீங்க!"

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. படியில் தடதடவென்று கீழ்த்தளத்துக்கு ஓடினார். நான் எப்போதும் பாக்கெட்டில் கிடக்கும் கட்டரை எடுத்து என் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, தடித்த கேபிள்களை வெறுங்கையால் ஒதுக்கினேன். தியேட்டர் கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அக்கா, அக்கா என்று வாய்விட்டே அரற்றினேன்.

பிளான்டின் உறுமல் அடங்கியது.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "ஏசி நின்னுடுச்சே, என்னாச்சு?"

"லைட் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா கண் விழித்தாள். கட்டுப் போட்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா ஆச்சு?" என்றாள்.

"வேலையில பட்டுடுச்சு. நீ தூங்கு" என்றார் மாமா. எனக்காகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை. ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன்.

"மாமா அப்பவே சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் என் கையை விட்டுவிட்டாள்.