பூதக்களத்தில் கோயில் காளை

எங்கள் ஊர் மஞ்சுவிரட்டில் மைக் நாகராசு கையில்தான் இருக்கும். நாகராசு என்பது நான். "மாடு வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்று வருடா வருடம் கத்தி என் தொண்டை தகரமாகிப் போனது. இந்த வருடம் மாடெல்லாம் ஓடி முடிந்த மறுநாள், இளைஞர் மன்றத்துப் பயல்கள் அதே திடலில் செல்போன் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். அதற்கும் என்னையே பேசச் சொன்னார்கள். "மாடு ஓடுனா பேசலாம், வெரலு ஓடுனா என்னத்தடா பேசுறது?" என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

விளையாட்டின் பெயர் பூதக்களம். ஆளுக்கு மூன்று பூதம். ஒன்றை முன்னால் நிறுத்தி, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அது விழுந்தாலோ விலகினாலோ அடுத்தது வரும். மூன்றும் போனால் ஆள் காலி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை சோடா செலவானது.

இதில் என் தங்கை ரம்யாவின் புருசன் வசந்தகுமாரை எவராலும் அசைக்க முடியவில்லை. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தான். அவனிடம் கல்லால் ஆன காளைப் பூதம் ஒன்று இருந்தது. சரியான சோம்பேறிப் பூதம். சிலிர்த்து எழவே மூன்று சுற்று எடுக்கும். அந்த மூன்று சுற்றுக்குள் போட்டுச் சாத்தினால் விழுந்துவிடும். விட்டுவிட்டால் கொம்பு சிவந்துவிடும், அப்புறம் முட்டுக்கு ஒரு பூதம் சாயும். டவுசர் போட்ட பயலுக்குக்கூட இது தெரியும். தெரிந்தும் எவனும் அடிக்கவில்லை. ஏனென்றால் மாப்பிள்ளை அதற்கு வைத்திருந்த பெயர் 'கோயில் காளை'.

எங்கள் பக்கம் மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளையைத்தான். மாலை போட்டு, துண்டு கட்டி, கும்பிட்டு வழிவிடுவோம். அதன் மேல் ஒருத்தனும் கை வைக்க மாட்டான். அதுவும் மரியாதையை வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடும். அப்புறம்தான் மற்ற மாடுகள்.

மேடையில் கட்டியிருந்த பெரிய திரையில் 'கோயில் காளை' என்று எழுத்து மின்னியதும், எதிரே உட்கார்ந்திருந்த திருப்பதி போனைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். போச்சு மூன்று சுற்றும். அடுத்து வந்த பிரசாந்த் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனும் போனான். கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த ஷர்லி மட்டும் பட்டென்று ஓர் அடி கொடுத்தாள். கூட்டம் கொதித்து எழுந்துவிட்டது. விழாக் குழுத் தலைவர் தங்கமுத்து, எங்களுக்குப் பெரியப்பா முறை, மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"தாயி, கோயில் மாட்டு மேல கை வைக்கக் கூடாது. மழை பொய்ச்சுப் போகும்."

"ஐயா, அது போனுக்குள்ளல்ல இருக்கு!"

"போனு எங்க இருக்கு? நம்ம ஊர்லதான இருக்கு?"

அந்தப் பிள்ளை அப்புறம் காளையை அடிக்காமலே தோற்றது. மாப்பிள்ளை இளித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை புருசன் ஆயிற்றே, மைக்கில் திட்டவும் வழியில்லை.

கடைசி ஆட்டத்தில் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ரம்யா. மறுபக்கத்தில் எல்லோரையும் சுருட்டிவிட்டு வந்திருந்தாள்.

இந்த ஆட்டத்தின் மேல் ஒரு பந்தயம் இருந்தது. மாப்பிள்ளையை அடுத்த வாரம் கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. "நான் ஜெயிச்சா நீங்க போகக் கூடாது மாமா. பக்கத்துல அரிமளத்துல ஒரு ஏசிக் கடையப் போடுங்க" என்று ரம்யா சொல்ல, "மொதல்ல ஜெயி புள்ள" என்று இவன் சிரித்திருக்கிறான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அங்கிட்டும் இவள் இங்கிட்டுமாக இருந்து, போனில் பூதம் மேய்த்தே குடும்பம் நடத்தியவர்கள். ஒரு தடவைகூட இவள் ஜெயித்ததில்லை. "வெளையாட்டுல போயி வாழ்க்கைய வைக்கிறியே, கூறு இருக்கா ஒனக்கு?" என்று காலையில்தான் அவளை ஏசியிருந்தேன்.

"அவரு காளை எப்புடி நடக்கும்னு எனக்கு அத்துபடிண்ணே. அவரு எப்புடி நடப்பாருன்னுதான் மறந்துபோச்சு" என்றாள்.  நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. ரம்யா ஒரு நத்தையை இறக்கினாள். எதிரிக்குப் பொருள் கொடுப்பதைத் தவிர அதற்குப் பெரிய வேலை எதுவும் தெரியாது. முதல் சுற்றில் காளைக்கு மாலை போட்டது. இரண்டாவது சுற்றில் கழுத்தில் துண்டு கட்டியது. மூன்றாவது சுற்றில் இரண்டு கொம்பையும் மடக்கிக் கும்பிட்டது. "ரம்யாவோட நத்தை எதிரியவே கும்புடுதுங்க!" என்று மைக்கில் சொன்னேன். எனக்கே அழுகை வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காளைக்குக் கொம்பு சிவந்துவிட்டது.

மாப்பிள்ளை முட்டுவதற்கு விரலை ஓங்கினான். ரம்யா எழுந்தாள்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"கேளுத்தா" என்றார் தங்கமுத்து.

"மாலை போட்டாச்சு, துண்டு கட்டியாச்சு, கும்புட்டாச்சு. கோயில் மாடு அப்பறம் என்ன செய்யும்?"

"வீட்டுக்குப் போகும். பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

"அப்ப இது ஏன் இன்னும் திடல்ல நிக்குது?"

 பெரியப்பா திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இது கேமுங்க!" என்று மாப்பிள்ளை துள்ளினான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "கேமா? அப்ப நான் எதுக்குடா கும்புட்டேன்?" என்று திருப்பதி எழுந்தான். பிரசாந்த் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தான். "கேமுன்னா என் ஆட்டத்த திருப்பி வைங்க" என்று ஷர்லி மேடைப் பக்கம் வந்தாள்.

"இல்லல்ல, கோயில் மாடுதான்!"

"அப்ப வீட்டுக்கு ஓட்டுங்க மாப்ள" என்றார் பெரியப்பா.

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்கிற நிலைமை. காளையை விலக்கினான். அந்தக் காளை ஒன்றையே ஊட்டி ஊட்டி வளர்த்தவன், மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒன்று நோஞ்சான் தவளை, இன்னொன்று கோழிக்குஞ்சு. நத்தை சாவகாசமாக ஊர்ந்தே இரண்டின் கதையையும் முடித்தது.

"இது அழுகுணி ஆட்டம் புள்ள" என்றான் மாப்பிள்ளை.

"பேரு வச்சது நீங்கதான மாமா" என்றாள் ரம்யா. கண் நிறைந்திருந்தது.

எனக்கு அடக்க முடியவில்லை. "மாப்ள, அவ ஜெயிச்சா ஷார்ஜா போக மாட்டேன்னு சொன்ன சொல்லு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். அரிமளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். தங்கமுத்து பெரியப்பா அவன் பக்கத்தில் வந்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கழுத்தில் கட்டினார். பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்து கும்பிட்டார்.

"ஒங்களுக்கும் மரியாதை பண்ணியாச்சு மாப்ள. வீட்டுக்குப் போங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒருத்தரும் அவனைத் தொடவில்லை.  அவனும் கட்டிய துண்டை அவிழ்க்காமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். முன்னால் போன ரம்யா திரும்பி நின்று, அவன் நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.