நல்வாழ்வுத் தீவுப் பத்திரம்

"அண்ணி, அந்தப் பத்திரத்த எட்துக் குடு. ஊரே குடுத்துட்ச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

கொழுந்தன் குமாரவேல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். கோவிந்தம்மா மீன்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"குட்தா எனக்கு இன்னா தருவாங்க?"

"மொதல்ல பத்திரத்தக் குடு அண்ணி" என்று குமாரவேல் கையை நீட்டினான்.

எண்ணூர்க் கரையோரத்து அந்தக் குப்பம் மொத்தமும் ஏமாந்திருந்தது. ஊர்த் தலைவரான நாட்டாரின் மருமகன் ரஞ்சித் கதை கட்டினான்: அந்தமானுக்கும் அப்பால் ஒரு வெளிநாட்டு அரசாங்கம் மணலைக் கொட்டித் தீவு உண்டாக்குகிறதாம், மீனவர்களுக்கு மட்டும் மனையாம், பெயர் நல்வாழ்வுத் தீவாம். கடலில் அந்த இடத்தைக் காட்டும் பாயிண்ட் எண்களைக்கூடக் கொடுத்தான். ஆண்கள் அதைப் படகு ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பார்த்தார்கள். வெறும் நீலம்தான் தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர்களோ கண்ணெதிரே கடலைத் தூர்த்துத் துறைமுகம் எழும்பியதைப் பார்த்தவர்கள். "மெஷினு பழசு, புது மண்ணு அதுல ஏறல" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் செத்த பிறகு, எங்காவது போய்ப் பிழைத்தால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு. ரஞ்சித்திடம் பணத்தைக் கட்டி மனைப் பத்திரம் வாங்கினார்கள்.

கோவிந்தம்மா இந்த வலையில் விழுந்த காரணம் வேறு. கணவன் செத்த மாதமே ஊர்ப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஊர்வரி கட்டும் ஆண்தான் அங்கே தலைக்கட்டு. ஆண்பிள்ளை இல்லாத விதவை கணக்கிலேயே வரமாட்டாள். கடலில் எண்ணெய் கொட்டியபோது நிவாரணம் வீட்டுக்கு வீடு வந்தது. அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. ரஞ்சித்தோ பேனாவை எடுத்து, 'குடும்பத் தலைவி: கோவிந்தம்மா' என்று பத்திரத்தில் எழுதினான். திருடனுக்கு ஆணென்ன, பெண்ணென்ன! அந்த ஒரு வரிக்காகக் கணவனின் ஃபைபர் படகை விற்றாள் அவள். பைத்தியக்காரத்தனம்தான். அவளைப் பைத்தியமாக்கிய ஊருக்கு என்ன பெயர் வைப்பது?

குட்டு வெளிப்பட்டதும் நாட்டார் பஞ்சாயத்தைக் கூட்டினார். யாரும் போலீஸுக்குப் போகக் கூடாது. பத்திரங்களைக் கொளுத்திவிட வேண்டும். பாதிப் பணத்தை மருமகன் திருப்பித் தருவான், தலைக்கட்டுகளுக்கு மட்டும்.

"பட்டியல்ல பேரு இல்லாதவங்களுக்கு இல்லன்ட்டாங்க அண்ணி. நான் இன்னா பண்ணட்டும்? மீறுனா ஏலத்துல உனக்கு மீனு தரமாட்டாங்க. பவானிக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எவன் வருவான்?"

உள்ளே மகள் பவானி விசும்பினாள். படகு போயிற்று. ஏலமும் போனால் உலை ஏறாது.

"எனக்குப் பணங்கூட வேணாம்பா. என் பேர அந்தப் பட்டியல்ல ஏத்தச் சொல்லு. இப்பவே குட்துட்றேன்."

"பொம்பள தலைக்கட்டா? ஊரு வழக்கம்னு ஒன்னு கீதுல்ல அண்ணி!"

ஊருடன் பகைத்தால் வேருடன் கெடும் என்பார்கள். வேரே இல்லை என்று ஊர் எழுதிவைத்தவளுக்கு இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது? அவள் எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்தாள். கொழுந்தனைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பவானி முகத்தைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தாள். நாட்டார் வீட்டு வாசலைத் தாண்டும்போது யாரோ அதட்டினார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் தாளை எடுத்தார்.

"ஊர்ல இருந்து வேற யாரும் வரலியாம்மா? குடும்பத் தலைவர் யாரு?"

கோவிந்தம்மா உறையைப் பிரித்துப் பத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான்தாங்க. பொறந்து வளந்த ஊர்ல என் பேரு இல்ல. இல்லாத தீவுலதான் கீது. அதப் பாத்தே எழுதிக்கோங்க."